மூணாவது மோட்டார்

அந்த லாரியைப் பாத்து மூக்கைப் பொத்தாதீங்க சார். அது உறிஞ்சுற லாரி, பாவம், அதோட வேலையைப் பாக்குது. முன்னாடி சப்வேயில தண்ணி நிக்குது, அது இறங்குற வரைக்கும் பஸ் நகராது. அரை மணி நேரம் ஆகும். எனக்குத் தெரியும், முப்பது வருஷமா இதே பொழப்பு. எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தா தண்ணி வடிஞ்சிடாது, உக்காருங்க.

எங்க போறேன்னு கேட்டீங்கல்ல. ஹெட் ஆபீஸுக்கு. ஒரு பெட்டிஷன் குடுக்கணும். எபநேசர்னு ஒரு ஆள் மேல. ஒம்போது வருஷமா என்னை அண்ணே அண்ணேன்னு கூப்பிட்ட ஆளு. ஆகாதவன் மேல பெட்டிஷன் எழுதுறது சுலபம் சார். இது அப்படி இல்ல. நேத்து சாயங்காலம் உக்காந்து எழுதுனேன், மூணு தாளைக் கிழிச்சுப் போட்டேன். கோவத்துலதான். வேற ஒண்ணும் இல்ல.

என் பேரு தணிகாசலம். கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்ல ஆபரேட்டர். அப்படி ஒண்ணு இருக்குன்னே பாதி ஊருக்குத் தெரியாது. நீங்க காலையில ஒரு வாளி ஊத்திட்டுக் கதவைச் சாத்திட்டு வந்துடறீங்க, உங்க கணக்கு முடிஞ்சுபோச்சு. எங்களுக்கு அங்கதான் ஆரம்பம். தெருக்குழாய் எல்லாம் சரிவுல ஓடி வந்து எங்க கிணத்துல விழும். முப்பது அடி ஆழம், கான்கிரீட் கிணறு. வாயில கம்பி வலை போட்டிருக்கும். அதுல சிக்காத சாமான் கிடையாது. புடவை, ஷாம்பு கவர், தலைகாணி, ஒரு தடவை முழுசா ஒரு பிள்ளையார். அதையெல்லாம் வாரிப் போட்டுட்டு, தண்ணியை மோட்டார் வெச்சு ஏத்தி அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளணும். அவன் அதுக்கு அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளுவான். கடைசில சுத்திகரிப்பு நிலையம்.

மழைத்தண்ணிக்குத்தான் தனியா வடிகால் கட்டியிருக்காங்களேன்னு கேப்பீங்க. கட்டியிருக்காங்க. ஆபீஸ் சுவத்துல படம் மாட்டியிருக்கு. நீலக் கோடு மழைத்தண்ணி, சிவப்புக் கோடு கழிவுத்தண்ணி. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடவே தொடாது, படத்துல. தெருவுல முழங்காலுக்குத் தண்ணி நின்னா எவனாவது கடப்பாறையைத் தூக்கிட்டு வந்து எங்க மேன்ஹோல் மூடியை நெம்பிடுவான். தெரு வடிஞ்சிடும். அவன் வீட்டுக்குள்ள போய் டீ குடிப்பான். அந்த மழை மொத்தமும் எங்க கிணத்துல வந்து விழும். யாரைக் கேக்கறது சொல்லுங்க.

நான் இருந்தது புதுத்தோட்டம் ஸ்டேஷன், மேல இருக்கறது. எங்க வீடும் அந்த ஏரியாதான். அங்கேருந்து அஞ்சு கிலோமீட்டர் கீழ ஈச்சங்கேணி ஸ்டேஷன். அங்க ஆபரேட்டர் இந்த எபநேசர். ரெண்டு பேரும் காலை ஷிப்ட். ரெண்டு இடத்துலயும் மூணு மூணு மோட்டார். சாதா நாள்ல ஒண்ணு போதும், மழையில ரெண்டு. மூணாவதைப் போட்டா என் ஏரியா பத்தே நிமிஷத்துல இறங்கும், ஆனா அவ்வளவும் போய் அவன் கிணத்துல இடிக்கும். அவனும் மூணையும் ஓட்டுனாதான் தாங்கும். இல்லன்னா அங்க இருக்கிற பள்ளத்துத் தெருவுல எல்லாம் மேன்ஹோல் வழியா மேல வந்துடும்.

அதனால எங்களுக்குள்ள ஒரு பழக்கம் இருந்துச்சு. எந்தப் புத்தகத்துலயும் கிடையாது, எந்த ஆபீசரும் சொல்லிக் குடுக்கல. மூணாவது மோட்டார் பட்டன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கீழ போன் பண்ணணும். 'போடட்டுமா'ன்னு கேக்கணும். 'போடுங்கண்ணே'ன்னா போடலாம். 'பொறுங்கண்ணே'ன்னா பொறுக்கணும். அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தையிலதான் சார் ரெண்டு ஏரியா ஒம்போது வருஷம் ஓடுச்சு. மேல இருக்கிறவன் கேக்கணும், கீழ இருக்கிறவன் சொல்லணும்.

நேர்ல பாத்ததே கிடையாது, நம்புவீங்களா? ஷிப்ட்ல ஸ்டேஷனை விட்டு நகர முடியாது, ஷிப்ட் முடிஞ்சா நான் வீடு, அவன் சர்ச்சு. போன்ல மட்டும்தான். ஆனா அவன் குரலை வெச்சே கிணத்துல எத்தனை அடி நிக்குதுன்னு சொல்லிடுவேன். அவன் வீட்டுல என்ன கொழம்புன்னு எனக்குத் தெரியும், என் சர்க்கரை எவ்வளவுன்னு அவனுக்குத் தெரியும். கூடப் பொறந்தவன்கிட்டகூட நான் அவ்வளவு பேசினது இல்ல.

ஒண்ணு சொல்றேன். ஆறு வருஷம் முன்னாடி அவன் பொண்டாட்டிக்கு இடுப்பு வலி எடுத்துடுச்சு. டூட்டியில இருக்கான், மாத்தி விட ஆள் இல்ல. அண்ணே என்ன பண்றதுன்னு அழுவுறான். நீ போடா, நான் பாத்துக்கறேன்னேன். கீழ பாத்துக்க ஆள் இல்லையேன்னு மூணு மணி நேரம் என் மோட்டார் ஒண்ணைக்கூடப் போடாம, கிணறு வாய் வரைக்கும் ஏற விட்டு நின்னேன் சார். ஏ.இ. அம்மா, எங்க ஏரியா இன்ஜினியர், போன் பண்ணி ஏன் ஓட்டலன்னு கேட்டாங்க. லைன்ல அடைப்பும்மா, எடுத்துக்கிட்டிருக்கோம்னு கூசாம பொய் சொன்னேன். அவனுக்குப் பையன் பொறந்தான். இதை ஞாபகம் வெச்சுக்குங்க. ஏன்னா அவன் வெச்சுக்கல.

போன வருஷம் ஐப்பசி. மூணு நாளா விடாத மழை. மூணாவது நாள் காலையில எட்டு மணிக்கு அவனே கூப்பிட்டான். ஒரு மோட்டார்ல துணி சுத்திக்கிச்சு, பிட்டர் வந்து கழட்டிப் போட்டிருக்கார், ரெண்டுதான் ஓடுது, நான் சொல்ற வரைக்கும் மூணாவதைப் போட்டுடாதீங்கண்ணேன்னான். சரின்னேன். சரின்னுதான் சொன்னேன், இல்லன்னு சொல்லல.

ஆனா அன்னிக்கு என் பொண்ணு சுகந்தியைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. பத்தரைக்கு. மழைன்னு எனக்கு லீவு கிடைக்கல. மழைன்னு தள்ளி வெச்சிடலாம்னா அவங்க நல்ல நாள்னு பிடிவாதமா கிளம்பிட்டாங்க. பத்து மணிக்கு என் பொண்டாட்டி மஞ்சுளா போன் பண்றா. கக்கூஸ்ல கொப்புளிச்சுக்கிட்டு மேல வருது, இன்னும் நாலு விரக்கடை ஏறினா கூடத்துக்கு வந்துடும், உன் ஸ்டேஷன்தானே, நீ எதுக்கு இருக்கேங்கறா. நீங்களே சொல்லுங்க சார். முதல் சம்பந்தம். வர்றவங்க செருப்பைக் கழட்டி எதுல வைப்பாங்க? முப்பது வருஷம் ஊர் நாத்தத்தை அள்ளுனவன் வீட்டுலயே அது மிதந்தா என்ன மரியாதை?

போட்டேன். மூணாவதையும் போட்டேன். போன் பண்ணலையான்னு கேக்காதீங்க. பண்ணா என்ன சொல்வான்னு தெரியும்ல. பொறுங்கம்பான். அவன் பொறுங்கன்னு சொன்னப்புறம் போட்டாத்தான் தப்பு. கேக்காம போட்டா அது வேற. ஒரு இருபது நிமிஷம்தான் ஓட்டுனேன். சரி, லாக் புக்ல ஒரு மணி பத்து நிமிஷம்னு இருக்கு. நானே எழுதினதுதான்.

வீடு துடைச்ச மாதிரி ஆயிடுச்சு. அவங்க வந்தாங்க, கேசரி சாப்பிட்டாங்க, அங்கேயே தட்டு மாத்திக்கலாம்னுட்டாங்கன்னு மஞ்சுளா போன்ல சொன்னா. என் வாழ்க்கையில நான் சந்தோஷப்பட்ட நாள்ல அது ஒண்ணு. நடுவுல போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அவன்தான். மோட்டார் சத்தத்துல நான் எடுக்கல.

கீழ என்ன ஆச்சுன்னு மறுநாள்தான் தெரியும். ஈச்சங்கேணியில பள்ளத்துத் தெரு ஜனங்களை எல்லாம் பள்ளிக்கூடத்து ஹால்ல தங்க வெச்சிருந்தாங்களாம். நூத்தி நாப்பது பேரு. சாம்பார் சாதம் வடிச்சு இறக்கி வெச்சு, பிள்ளைங்களை வரிசையா உக்கார வெச்ச நேரத்துல தரையில இருந்த ஓட்டை வழியா எல்லாம் மேல வந்துடுச்சு. இலை எல்லாம் மிதந்துச்சுன்னாங்க. ஜனங்க ஸ்டேஷனுக்குப் போய் அவனைச் சட்டையைப் பிடிச்சுட்டாங்க. சங்கடம்தான், இல்லங்கல. ஆனா உயிர்ச்சேதம் கிடையாது. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. சாதம்தானே, மறுபடி வடிச்சிருப்பாங்க.

விசாரணை வெச்சாங்க. பெரிய இன்ஜினியர் ரூமுக்கு வெளியில, மாடிப்படி கிட்ட, அன்னிக்குத்தான் சார் அவனை முதல் தடவையா பாக்கறேன். குரலைக் கேட்டு வாட்டசாட்டமான ஆள்னு நினைச்சிருந்தேன். என் தோளுக்குத்தான் இருக்கான். கால் ரெண்டும் விரலிடுக்கு எல்லாம் வெந்து புண்ணு. ரெண்டு நாளா அந்த ஹாலை பிளீச்சிங் பவுடர் போட்டு அவனே தேச்சுக் கழுவினானாம். செருப்பு போட்டுக் கழுவியிருக்கலாம்லடான்னேன். காலைப் பின்னாடி இழுத்துக்கிட்டான்.

நான் பக்கத்துல போய் மெதுவா கேட்டேன். எபி, ஒரே ஒரு வார்த்தை. அண்ணன் போன் பண்ணாரு, மழைச் சத்தத்துல எனக்குத்தான் கேக்கலன்னு சொல்லிடு. உனக்கும் ஒண்ணும் வராது, எனக்கும் ஒண்ணும் வராது. உன் பையன் பொறந்தப்ப உனக்காக நான் பொய் சொல்லலையான்னு அதையும் எடுத்துச் சொன்னேன். சொல்லிக் காட்டக் கூடாதுதான், ஆனா சொன்னேன்.

அவன் தரையைப் பாத்துக்கிட்டே சொல்றான்: "அன்னிக்கு நீங்க தண்ணியை நிறுத்துனீங்கண்ணே. இன்னிக்கு விட்டுட்டீங்க."

உள்ள போனதும் பெரிய இன்ஜினியர் அவன்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டாரு. மேல இருந்து போன் வந்துச்சான்னு. நான் அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கேன். ஒம்போது வருஷம் சார்.  "வரல சார்"னான்.

அவ்வளவுதான். ரெண்டு வார்த்தை. அங்கேயே என் உள்ளுக்குள்ள என்னமோ அறுந்துபோச்சு. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். கூட நாலு வார்த்தை போட்டு மாட்டி விட்டிருந்தாகூட, சரி ஆத்திரத்துல பேசறான்னு விட்டிருப்பேன். ஒண்ணும் கூட்டல, குறைக்கல. யாரோ மூணாம் மனுஷனைப் பத்திச் சொல்ற மாதிரி சொன்னான். நம்பிக்கைத் துரோகம்னா வேற என்ன சார்? கழுத்தை அறுக்கிறவன் கத்தி எடுத்துக்கிட்டா வர்றான்.

பெரிய இன்ஜினியர் சஸ்பெண்ட் பண்ணுவாருன்னு பாத்தா, அவரு வேற மாதிரி ஆளு. ரெண்டு பேரையும் இடம் மாத்திப் போட்டாரு. தணிகாசலம், நீங்க கீழ போய் உக்காருங்க, அங்கேருந்து மேல பாருங்கன்னாரு. எங்க பழக்கத்தையே சர்க்குலர் ஆக்கி டைப் அடிச்சு ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒட்டிட்டாரு. கீழ் ஸ்டேஷன் ஆபரேட்டர் சம்மதம் இல்லாம மூணாவது மோட்டார் ஓட்டக் கூடாது. அதுக்கு அடியில என் பேரு, என் நம்பர்.

எபி அப்புறமும் போன் பண்ணுவான். சர்க்குலர் இருக்குல்ல, பண்ணித்தானே ஆகணும். ஆனா அண்ணே போச்சு. "சார், போடட்டுமா?" நான் சரிம்பேன். "தேங்க்ஸ் சார்"னு வெச்சுடுவான். என்ன கொழம்புன்னு ஒரு நாள் நானே கேட்டேன். வெக்கத்தை விட்டுக் கேட்டேன் சார். மோட்டார் சத்தத்துல கேக்கலன்னு வெச்சுட்டான். அன்னிக்கு மழையே இல்ல, ஒரு மோட்டார்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

சொன்னா சிரிப்பீங்க, நான் போன மாசம் வரைக்கும் அவன் திரும்ப அண்ணேன்னு கூப்பிடுவான்னு நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். சுகந்திக்குக் குழந்தை பொறந்தது. ஆண் குழந்தை. முதல்ல அவனுக்குத்தான் போன் பண்ணிச் சொன்னேன். "சந்தோஷம் சார்"ங்கறான். சார். என் பேரன் பொறந்ததுக்கு எனக்கு சார்.

விடுங்க. போன வியாழக்கிழமைக்கு வர்றேன்.

காலையில பேய் மழை. நான் கீழ ஈச்சங்கேணியில உக்காந்திருக்கேன். என் கிணறு பாதிதான், மூணு மோட்டாரும் நல்லா இருக்கு, எவ்வளவு வந்தாலும் தாங்கும். எட்டு அம்பதுக்கு அவன் போன் பண்றான். எனக்குத் தெரியும் எதுக்குன்னு. அந்த 'சார், போடட்டுமா'வைக் கேக்க எனக்கு அன்னிக்கு மனசு வரல. அடிக்கட்டும்னு விட்டேன். மறுபடி அடிச்சான். எனக்கு ஒரு வருஷம் வயிறு எரிஞ்சுதுல்ல, அவனும் கொஞ்ச நேரம் தவிக்கட்டுமேன்னு நினைச்சேன். தப்பா சார்? மனுஷன்தானே நான். எத்தனை தடவை அடிப்பான், அப்புறம் போட்டுடுவான்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் போட்டுடுவாங்க. நான் போடலையா?

அவன் போடல சார்.

என் வீட்டுல பேரனைத் தொட்டில்ல போட்டிருக்கு, இருபத்திரெண்டு நாள் குழந்தை. தையல் பிரிச்சு ரெண்டு வாரம்கூட ஆகாத பொண்ணு. முதல்ல குளிக்கிற ரூம்ல வந்திருக்கு, அப்புறம் கூடம். மஞ்சுளா எனக்குப் போன் பண்ணியிருக்கா, நான் அவன்தான்னு நினைச்சு எடுக்கல. தொட்டிலுக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு ஜாண்தான் பாக்கின்னு சுகந்தி குழந்தையைத் தூக்கிக்கிட்டு டேபிள் மேல ஏறி உக்காந்துட்டா. ஒரு மணி நேரத்துக்கு மேல. எந்தத் தண்ணின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இல்ல. பச்சைக் குழந்தை அந்த வாடையில மூச்சு முட்டி அழுது, அழக்கூட முடியாம சோர்ந்துபோச்சாம். பக்கத்து வீட்டுப் பசங்க வந்துதான் மாடிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. இப்ப ஆஸ்பத்திரியில இருக்கு. மூணு நாளா சளி, காய்ச்சல். இன்னிக்குப் பரவாயில்லன்னு டாக்டர் சொன்னாரு. பரவாயில்லன்னாரு.

எங்க தெருக்காரங்க புதுத்தோட்டம் ஸ்டேஷனுக்கே போய் அவனைச் சத்தம் போட்டிருக்காங்க. தணிகாசலம் வீட்டுல பச்சைக் குழந்தை இருக்கு, மோட்டாரைப் போடுய்யான்னு. கீழ இருந்து பதில் வராம போட மாட்டேன்னு கல்லு மாதிரி நின்னானாம். காதுல போனை வெச்சுக்கிட்டே நின்னானாம். கடைசில ஏ.இ. அம்மா ஜீப்புல ஈச்சங்கேணிக்கு வந்து, என் கிணத்தை அவங்களே எட்டிப் பாத்துட்டு, அங்கேருந்து அவனுக்குச் சொன்னப்புறம்தான் போட்டான். என்கிட்ட ஏன் போன் எடுக்கலன்னாங்க. சார்ஜ் இல்லம்மான்னேன்.

என் வீடுன்னு அவனுக்குத் தெரியும். என் பேரன்னு தெரியும். தெரிஞ்சும் நின்னான் பாருங்க, அதுதான் சார் எனக்கு ஆறல. சர்க்குலர் கிடக்கட்டும், ஒம்போது வருஷம் பேசினவன் வீடு முழுகும்போது ஒருத்தன் சட்டம் பாப்பானா? கேக்காம போட்டா என்ன ஆயிடும்? நான் கோவிச்சுக்குவேனா? பழி வாங்கிட்டான் சார். பொறுமையா, ஒரு வருஷம் காத்திருந்து.

ஏன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

மஞ்சுளா ஆஸ்பத்திரியில வெச்சு என்னைக் கேட்டா. அவன் காதுல போனை வெச்சுக்கிட்டு நின்னான்னு சொல்றாங்களே, உனக்குப் போன் பண்ணலையான்னு. குழந்தை மடியில கிடக்கு, மூக்குல டியூபு. அந்த நேரத்துல என்ன சொல்வீங்க? பண்ணல, வேற யார்கூடவோ பேசிக்கிட்டிருந்திருப்பான்னுட்டேன். சுகந்தி என்னை ஒரு பார்வை பாத்தா. 'அப்போ பெட்டிஷன் குடுப்பா'ன்னா. அப்பா, பெட்டிஷன் குடு, அவனைச் சும்மா விடாதேன்னா. தினமும் கேக்கறா, குடுத்தாச்சான்னு. அதான் கிளம்பிட்டேன். மேல இருந்து தகவல் கேட்டு எனக்கு எந்த அழைப்பும் வரவில்லைன்னு எழுதியிருக்கேன், மூணாவது பாரா. கையெழுத்தும் போட்டாச்சு.

லாரி நகர்ந்துடுச்சு, பாத்தீங்களா, சப்வே வடிஞ்சிருக்கும். அடுத்த ஸ்டாப்பிங்குல நான் இறங்கணும். சார், உங்க கையில பெரிய போனா இருக்கு, உங்களுக்கு இதெல்லாம் தெரியும். என் போனைக் கொஞ்சம் பாருங்க. இது சுகந்தி வாங்கிக் குடுத்தது, எனக்குப் பேசவும் வைக்கவும்தான் தெரியும். இங்க சிவப்பு எழுத்துல எபி, எபின்னு வரிசையா இருக்கு பாருங்க. வியாழக்கிழமை. நடுவுல ரெண்டு மஞ்சுளா. மத்தது எல்லாம் அவன்தான். எட்டு அம்பதுலேருந்து பத்து நாப்பது வரைக்கும் பதினோரு தடவை அடிச்சிருக்கான். ஆபீஸ்ல போனைக் குடுன்னு கேட்டாலும் கேப்பாங்க. சுகந்தியும் எடுத்துப் பாப்பா. இதை எப்படி அழிக்கிறதுன்னு தெரியல, நேத்தெல்லாம் தடவிப் பாத்தேன், போக மாட்டேங்குது.

அந்தப் பதினொண்ணை மட்டும் எடுத்துடுங்க சார். அவன் நம்பரை எடுத்துடாதீங்க. நாளைக்கு எனக்கு டூட்டி இருக்கு, மழைன்னு நியூஸ்ல சொல்லியிருக்காங்க, அவன் கூப்பிடுவான்.